பூட்டு வாங்கித் தரும் நிமிடங்கள்

ஓகஸ்ட் மாதத்தில் வன்னி வீடுகள் பலவற்றில் ஒரே கிழமையில் ஆமைப்பூட்டுத் தொங்கும். 15ஆம் திகதி மடுமாதா திருவிழாவுக்குப் போகிறவர்கள் ஒருபுறம். நல்லூர்க் கந்தனின் தேருக்கும் தீர்த்தத்துக்கும் யாழ்ப்பாணம் போகிறவர்கள் மறுபுறம். வைகாசி வந்தால் வற்றாப்பளைப் பொங்கல். 2013 செப்டெம்பரில் ரயில் கிளிநொச்சி வரை திரும்பி வந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தைத் தொட்டது. அதன்பின் கொழும்புக்குப் போய் நாலு நாள் உறவினர் வீட்டில் நின்று வருவதும் பெரிய காரியமாக இல்லை. பயணம் கூடக்கூட, ஆளில்லாத வீட்டைக் காக்கும் பொறுப்பு உள்ளங்கையளவு இரும்பின்மேல் ஏறுகிறது.

அந்த இரும்பால் எவ்வளவு முடியும்? நகைக்கடைகளில் இருக்கும் கனத்த பெட்டகங்களைக் கேட்டால் விடை கிடைக்கும். அமெரிக்காவில் அவற்றைச் சோதித்துத் தரம் பிரிக்கும்போது டிஎல்-15, டிஎல்-30 என்று முத்திரை இடுகிறார்கள். தேர்ந்த ஆள் கருவிகளோடு விடாமல் மோதினால் 15 நிமிடம், 30 நிமிடம் கதவு தாக்குப்பிடிக்கும் என்பது அதன் பொருள். உடைக்கவே முடியாது என்று எந்தப் பெட்டகத்துக்கும் முத்திரை இல்லை. பெட்டகத்துக்கே நிமிடக் கணக்கு என்றால் கடையில் வாங்கும் ஆமைப்பூட்டுக்கும் அதே கணக்குத்தான். பூட்டு விற்பது நேரம். அந்த நேரத்தை யார், எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதில்தான் வீட்டின் காவல் இருக்கிறது.

முளைகளின் வரிசை

ஆமைப்பூட்டின் அடியில் திறப்பு நுழையும் இடத்தில் ஒரு பித்தளை உருளை இருக்கிறது. அது சுழன்றால் மேலுள்ள இரும்பு வளையம் விடுபடும். சுழலவிடாமல் மறிப்பவை வரிசையாக நிற்கும் சிறிய முளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முளைகள். அவற்றுக்கு மேலே ஒரு சுருள்வில் எப்போதும் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும். திறப்பு இல்லாதபோது மேல்முளை பாதி உருளைக்குள்ளும் பாதி வெளிக்கூட்டுக்குள்ளுமாக நிற்கும். உருளைக்கும் கூட்டுக்கும் குறுக்கே போட்ட தாழ்ப்பாள் அது.

சரியான திறப்பை நுழைத்தால் அதன் மேடுபள்ளங்கள் ஒவ்வொரு சோடியையும் வெவ்வேறு உயரத்துக்குத் தூக்கும். கீழ்முளையும் மேல்முளையும் சந்திக்கும் இடம் எல்லாச் சோடிகளிலும் உருளையின் விளிம்போடு ஒரே கோட்டில் வர வேண்டும். வந்தால் கீழ்முளைகள் உருளையோடு சேர்ந்து சுழலும். மேல்முளைகள் கூட்டுக்குள் ஒதுங்கிவிடும். ஒரேயொரு முளை அரை மில்லிமீற்றர் கூடியோ குறைந்தோ நின்றால் போதும், உருளை அசையாது.

இந்த எண்ணம் மிகப் பழையது. பண்டைய எகிப்திலும் மெசொப்பொத்தேமியாவிலும் மரத்தாலேயே இத்தகைய பூட்டுகள் செய்தார்கள். மரத் தாழ்ப்பாளில் துளைகள். மேலேயிருந்து மரமுளைகள் தம் எடையால் விழுந்து அதைப் பிடித்துக்கொள்ளும். திறப்போ பெரிய பல்துலக்கித் தூரிகை போல இருக்கும். உள்ளே விட்டுத் தூக்கினால் முளைகள் எழும். அந்த மரப்பூட்டை 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த லைனஸ் யேல் குடும்பம் உலோகத்துக்குக் கொண்டுவந்தது. தந்தை தொடங்கிய வேலையை மகன் 1860களில் சுழலும் உருளையாகவும் தட்டையான சிறு திறப்பாகவும் செப்பனிட்டுக் காப்புரிமை பெற்றார். இன்று வவுனியாக் கடையில் தொங்கும் பித்தளைப் பூட்டின் உள்ளமைப்பு ஏறத்தாழ அதுவே.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஐந்து முளைச் சோடிகள் உள்ள பூட்டில் ஒவ்வொன்றுக்கும் ஆறு உயரங்கள் இருந்தால் 7,776 வெவ்வேறு திறப்புகள் வெட்டலாம். மலிவான பூட்டில் நாலு சோடி, ஐந்து உயரம் என்று வைத்துக்கொண்டால் 625 மட்டுமே. அப்படிப்பட்ட பூட்டில் ஆயிரம் விற்பனையானால் அவற்றுள் சில ஒரே திறப்புக்குத் திறந்தே ஆக வேண்டும். பழசாகி முளைகள் தேய்ந்தாலோ, தயாரிப்பு முரடாக இருந்தாலோ, அடுத்த வீட்டுத் திறப்பு நம் பூட்டைத் திறந்துவிடுகிறது என்ற கதை பொய்யில்லை. நல்ல பூட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு பெரும்பாலும் இந்த எண்ணிக்கைக்கும் துல்லியத்துக்கும்தான்.

பூட்டுகளில் இன்னொரு குடும்பம் உண்டு. அதில் முளைகளுக்குப் பதில் தகடுகள். பூட்டின்மேல் ‘6 லீவர்’, ‘7 லீவர்’ என்று பொறித்திருப்பது அந்தத் தகடுகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வெட்டு இருக்கும். எல்லா வெட்டுகளும் நேர்கோட்டில் வந்தால்தான் தாழ் நகரும். தகடு குறைவாக எழுந்தாலும் திறக்காது, அளவுக்கு மேல் எழுந்தாலும் திறக்காது என்ற இருபக்கக் கட்டுப்பாட்டை 1778இல் இங்கிலாந்தில் ரொபர்ட் பாரன் கொண்டுவந்தார். இந்தியாவில் அர்தேஷிர் கோத்ரெஜ் 1897இல் பம்பாயில் பூட்டுத் தொழிலைத் தொடங்கினார். தமிழ்நாட்டின் திண்டுக்கல்லில் தலைமுறைகளாகக் கையால் செய்யப்படும் பூட்டுகளும், அவற்றுள் மாங்காய் வடிவப் பூட்டும், பேர் பெற்றவை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் செய்யும் பூட்டுக்குத் தனித்தனியாகத் திறப்பு அராவுவதால் ஒன்றின் திறப்பு மற்றதில் ஏறுவது அரிது.

ஐம்பத்தொரு மணி நேரம்

இலண்டன் பிக்கடிலித் தெருவில் ஜோசப் பிராமா என்பவரின் கடைக் கண்ணாடிக்குள் பல பத்தாண்டுகளாக ஒரு பூட்டு சவால் விட்டுக்கொண்டிருந்தது. திறப்பில்லாமல் திறந்து காட்டுகிறவருக்கு 200 கினி பரிசு. 1851இல் உலகக் கண்காட்சிக்காக இலண்டன் வந்த அமெரிக்கப் பூட்டுக் கலைஞர் ஆல்பிரட் ஹொப்ஸ் அதைத் திறந்தார். 16 நாட்களில் பரவிய 51 மணி நேர வேலை. அதே ஆண்டில், உடைக்கவே முடியாதது என்று பெயரெடுத்த சப் நிறுவனத்தின் பூட்டை அவர் 25 நிமிடத்தில் திறந்துவிட்டார்.

திறப்பில்லாமல் எப்படித் திறக்கிறது? எந்தத் தயாரிப்பாளராலும் எல்லாத் துளைகளையும் மயிரிழை பிசகாமல் நேர்கோட்டில் துளைக்க முடியாது. உருளையை மெல்லத் திருகிப் பிடித்தால் எல்லா முளைகளும் ஒரே நேரத்தில் இறுகுவதில்லை. ஒன்றுதான் முதலில் இறுகும். அதை மட்டும் தூக்கி நிறுத்தினால் அடுத்தது இறுகும். இப்படி ஒவ்வொன்றாக. ஆயிரக்கணக்கான சேர்க்கைகளாக இருந்த சிக்கல் ஐந்து சிறு வேலைகளாகச் சுருங்கிவிடுகிறது. துல்லியமான பூட்டில் இந்த வேறுபாடு கைக்குப் புலப்படாத அளவுக்குச் சிறிது. அதனால்தான் நேரம் நீள்கிறது.

ஹொப்ஸ் வென்ற கதையில் பலர் கவனிக்காத பக்கம் ஒன்று உண்டு. பிராமாவின் பூட்டைத் திறக்க அவருக்குத் தனி அறை, வெளிச்சம், தொந்தரவில்லாத பகல்கள் எல்லாம் கிடைத்தன. யாராவது அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள் என்ற பயம் இருந்திருந்தால் 51 மணி நேரம் கிடைத்திருக்குமா? தோற்ற சப் பூட்டிலும் ஒரு நல்ல யோசனை இருந்தது. 1818இல் ஜெரமையா சப் வடிவமைத்த அந்தப் பூட்டில் யாராவது வேறு திறப்பைப் போட்டு நோண்டினால் ஒரு தகடு மேலெழுந்து மாட்டிக்கொள்ளும். அடுத்த முறை சொந்தக்காரர் தன் திறப்பைப் போடும்போது அது உடனே திறக்காது. எவனோ கைவைத்திருக்கிறான் என்று தெரிந்துவிடும். தாமதப்படுத்துவது ஒரு வேலை, தெரியப்படுத்துவது இன்னொரு வேலை. பூட்டுக்கு இரண்டும் வேண்டும் என்பதை இருநூறு ஆண்டுக்கு முன்பே கண்டுகொண்டிருக்கிறார்கள்.

பூட்டு நிற்கும், கதவு விழும்

வீடு உடைக்க வருகிறவருக்கு ஹொப்ஸின் பொறுமை தேவையில்லை. முளைகளோடு மல்லுக்கட்டுவதைவிட பூட்டைத் தாங்கி நிற்கும் மற்றவற்றைத் தாக்குவது எளிது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் வளையம். நீண்ட கைபிடியுள்ள வெட்டுக்குறடு இரட்டை நெம்புகோல். கையின் விசையைப் பல பத்து மடங்காக்கிக் கத்தி முனையில் கொடுக்கும். வளையத்தின் தடிப்பு 6 மில்லிமீற்றரிலிருந்து 10 மில்லிமீற்றரானால் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 2.8 மடங்காகிறது, வளைக்கத் தேவைப்படும் விசையோ நாலரை மடங்கு. பூட்டின் உடம்பு தோள் உயர்த்தி வளையத்தை மூடியிருந்தால் குறட்டின் வாய் நுழையவே இடமிராது. பெரிய பூட்டு என்பதைவிடத் தடித்த, குட்டையான வளையம் என்பதே வாங்கும்போது பார்க்க வேண்டியது.

அடுத்தது நாதாங்கி. நல்ல பூட்டை வாங்கி, மெல்லிய தகட்டு நாதாங்கியில் கொழுவி, அதை அரை அங்குலத் திருகாணியால் பொருத்தினால் பூட்டைத் தொடவே தேவையில்லை. திருகாணியின் தலை வெளியே தெரிந்தால் ஒரு திருப்புளி போதும். தெரியாவிட்டாலும் ஒரு அலவாங்கு நெம்பினால் ஆணிகள் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். மூடும்போது ஆணித்தலைகளைத் தானே மறைக்கும் நாதாங்கியே சரி. கதவை ஊடுருவி உள்பக்கம் நட்டால் இறுக்கிய போல்ட்டுகள் வேண்டும். பிணைச்சல் வெளிப்பக்கம் இருந்தால் அதன் நடுத்தண்டை உருவிக் கதவை மறுபக்கத்தால் கழற்றிவிடலாம்.

மரத்தையும் கவனிக்க வேண்டும். முதிரையிலும் பாலையிலும் செய்த பழைய நிலைகள் ஆணியை விடாமல் பிடிக்கும். ஆனால் போர் முடிந்த 2009க்குப் பிறகு வன்னியில் வீடு கட்டியவர்கள் பலருக்கு நன்றாக உலர்ந்த மரத்துக்குக் காத்திருக்க அவகாசம் இருக்கவில்லை. 2012 ஒக்டோபரில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தின் பெரும் கட்டத்தில் வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா மானியம். அத்திவாரம் முதல் கூரை வரை அதற்குள் பார்க்க வேண்டும். பச்சை மரத்தில் செய்த கதவு கார்த்திகை மழையில் ஊதும், ஆடிக் காற்றில் சுருங்கும். மரம் நீளவாட்டில் அவ்வளவாக மாறாது. அகலவாட்டில்தான் சுருங்கி விரியும். விளைவு: மழைக்காலத்தில் இறுகி நிற்கும் கதவுக்கும் நிலைக்கும் நடுவே கோடையில் அலவாங்கு நுழையும் இடைவெளி. பயணம் அதிகமான மாதங்கள் அந்தக் கோடைதான். புறப்படுவதற்கு ஒரு கிழமை முன்னர் கதவைக் குலுக்கிப் பார்த்து, தளர்ந்த ஆணிகளைத் தடித்த நீண்ட ஆணிகளாக மாற்றுவது புதிய பூட்டு வாங்குவதைவிடப் பலன் தரும்.

கூரையும் ஒரு கதவுதான். நாலு ஓடுகளை எடுத்தால் ஆள் இறங்கலாம். குரங்குகள் ஏற்கனவே விலக்கி வைத்த ஓடுகள் இருந்தால் இன்னும் சுலபம். யன்னல் கம்பிகளும் அப்படியே: மரச்சட்டத்தில் செருகிய கம்பியைவிட சீமெந்தில் பதித்த கிறில் வலுவானது. வீட்டின் பலம் அதன் மிகப் பலவீனமான இடத்தின் பலம் மட்டுமே. ஆகவே காசைக் கதவில் மட்டும் கொட்டாமல் பங்கிட வேண்டும்.

பூட்டுக்கும் பராமரிப்பு உண்டு. கிரவல் வீதிப் புழுதி அடிக்கும் இடங்களில் திறப்புத் துளைக்குள் தேங்காய் எண்ணெய் விட்டால் கொஞ்ச நாளில் புழுதியோடு சேர்ந்து களியாகி முளைகளைப் பிடித்துவிடும். பென்சில் முனையின் கரித்தூள், அதாவது கிரபைட், உலர்ந்தபடியே வழுக்கும். திறப்பில் தேய்த்து நுழைத்து எடுத்தால் போதும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் உப்புக்காற்று வெறும் இரும்பைத் தின்றுவிடும். உடம்பு பித்தளையாகவும் வளையம் துருப்பிடிக்காத உருக்காகவும் உள்ள பூட்டு அங்கே நின்றுபிடிக்கும்.

பூட்டு தெருவோடு பேசுகிறது

ஆமைப்பூட்டின் பெரிய குறை அதன் இயந்திரத்தில் இல்லை. வெளியே தொங்குவதால் அது வீதியால் போகிற எல்லோருக்கும் வீட்டில் ஆளில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. கதவுக்குள் பதிந்த பூட்டு அப்படிப் பேசாது. அது இல்லாத வீட்டில் முன்கதவை உள்ளே தாழிட்டுவிட்டு, வீதிக்குத் தெரியாத பக்கக் கதவால் வெளியேறி அங்கே ஆமைப்பூட்டைப் போடலாம். பகலிலும் எரியும் மின்குமிழ், படலையில் செருகியபடி கிடக்கும் கடிதம், குவிந்த சருகு, வாட்டத்தில் நிற்கும் பூமரங்கள், கோயில் வாசலில் நின்று முகநூலில் உடனே ஏற்றும் படம் எல்லாம் அதே சேதியைச் சொல்பவை. படங்களை வீடு திரும்பியபின் ஏற்றினால் யாருக்கும் நட்டமில்லை.

ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானே எரியும் விளக்குகள் இப்போது சூரிய மின்கலத்தோடு சேர்த்தே கடைகளில் கிடைக்கின்றன. அவற்றின் கண் வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை, வெப்பத்தைப் பார்க்கிறது. நம் தோல் சுமார் 34 பாகை செல்சியசில் இருக்கும். அந்த வெப்பநிலையில் உடம்பு வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரின் உச்சம் ஒன்பது மைக்குரோமீற்றர் அலைநீளத்துக்குச் சற்று மேலே. வெள்ளைக் குமிழ்போல் தெரியும் பிளாஸ்ரிக் மூடி பல சிறு வில்லைகளால் ஆனது. அது வளவைக் கூறு கூறாகப் பிரித்து உள்ளே இருக்கும் இரட்டை உணரியின்மேல் விழுத்துகிறது. ஒரு கூறிலிருந்து மறுகூறுக்கு வெப்பம் நகர்ந்தால்தான் விளக்கு எரியும். அசையாத சுவர் சூடாக இருந்தாலும் எரியாது.

இதில் வன்னிக்கென்று ஒரு பாடம் உண்டு. வெயில் காய்ந்த மாலையில் முற்றமும் சுவரும் ஏறத்தாழ உடம்பின் சூட்டுக்கே வந்துவிடும். அப்போது ஆளுக்கும் சுவருக்கும் வேறுபாடு தெரியாமல் உணரி மந்தமாகும். நள்ளிரவுக்குப் பிறகு நிலம் குளிர்ந்ததும் கூர்மையாகும். உணரியை நேரே நோக்கி வருகிறவரைவிடக் குறுக்கே கடப்பவரை அது நன்றாகப் பிடிக்கும். ஆகவே படலையைப் பார்த்தபடி வைப்பதைவிட நடைபாதைக்குக் குறுக்குவாட்டில் பார்க்க வைப்பது நல்லது. நாயும் மாடும் கடக்கும் வளவில் வில்லையின் கீழ்ப்பாதியை ஒட்டி மறைக்காவிட்டால் விளக்கு இரவெல்லாம் எரிந்தெரிந்து யாரும் கவனிக்காத ஒன்றாகிவிடும்.

சிசிரிவி கமராவும் சப் பூட்டின் பேரப்பிள்ளைதான்: தடுக்காது, தெரியப்படுத்தும். மின்சாரம் நின்றால் இணையமும் நிற்கும். ஒரு சிறு மின்கலச் சேமிப்பு இல்லாவிட்டால் கமரா குருடு. பதிவு அட்டை கமராவுக்குள்ளேயே இருந்தால் கமராவோடு அதுவும் போகும். வாங்கும்போது வந்த கடவுச்சொல்லை மாற்றாவிட்டால் நம் வீட்டை யாரும் பார்க்கலாம். எல்லாம் சரியாக இருந்தாலும் கைபேசியில் மணி அடிக்கும்போது நாம் கொழும்பில் நிற்போம். ஓடிப்போய்ப் பார்க்க ஒருவர் ஊரில் வேண்டும்.

அயல் என்ற கடைசிப் பாகம்

வட்டக்கச்சி, இராமநாதபுரம் போன்ற குடியேற்றத் திட்ட ஊர்களில் வளவுகள் பெரியவை. வீட்டுக்கும் வீட்டுக்கும் தூரம் அதிகம். வெளியில் ஒலியின் வலு தூரத்தின் வர்க்கத்தோடு குறையும்: தூரம் இரட்டித்தால் நாலில் ஒரு பங்கு. நெருங்கிய நகர வீதியில் ஊரைக் கூட்டும் சத்தம் இங்கே அடுத்த வளவுக்கு முணுமுணுப்பாகத்தான் போகும். நன்றாக வேய்ந்த கிடுகு வேலியும் தகர வேலியும் வீட்டாருக்கு மறைவு. உள்ளே நுழைந்துவிட்டவருக்கும் அதே மறைவு. கம்பி வேலி வீட்டை வீதிக்குக் காட்டுகிறது. அந்நியன் நின்றால் அவனையும் காட்டுகிறது. அயலவர் வீட்டுப் பக்கமாவது மறைப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது.

அயலவரிடம் ‘ஒரு கண் வைச்சிருங்கோ’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதும், அவருக்கு வேலைகளைப் பிரித்துக் கொடுப்பதும் ஒன்றல்ல. எந்த நாள் போகிறோம், எந்த நாள் வருகிறோம், இடையில் யார் வரக்கூடும் என்பதைச் சொல்ல வேண்டும். பொழுதுபடும்போது விறாந்தை விளக்கைப் போட்டு விடிய அணைக்க, முற்றம் கூட்ட, நாய்க்குச் சாப்பாடு வைக்க என்று நாளுக்கு இரண்டு தரம் ஆள் நடமாடினால் வீடு வெறுமையாகத் தெரியாது. நடமாடும் நேரம் நாளுக்கு நாள் மாறினால் இன்னும் நல்லது. திறப்பை அவர் கையில் கொடுப்பதே சரி. பூச்சட்டிக்கடியிலும் கூரை இறப்பிலும் செருகினால் எத்தனை தகட்டுப் பூட்டாக இருந்தாலும் அது விநாடிக் கணக்குத்தான். ஏதும் சந்தேகமாகக் கண்டால் தானே உள்ளே போகாமல் 119க்கு அழைக்கும்படியும் சொல்லி வைக்க வேண்டும்.

எடுத்துச் செல்லத்தக்கவற்றைக் குறைப்பதும் நேரம் வாங்கும் வழிதான். கிணற்றடி மோட்டரைக் கழற்றி உள்ளே வைக்கலாம். நகை வங்கிப் பெட்டகத்தில் இருக்கலாம். மோட்டார் சைக்கிளின் அடிச்சட்ட எண்ணையும் மோட்டரின் தொடர் எண்ணையும் படம்பிடித்து வைத்தால் காணாமற்போனது நம்முடையது என்று நிறுவ முடியும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றின் பிரதிகள் வேறொரு வீட்டிலும் இருக்கட்டும். 2008, 2009இல் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது பூட்டிவிட்டுப் போவதில் பயனில்லை என்று கதவையும் கூரைத் தகரத்தையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிச் சென்ற மக்களுக்கு ஆவணத்தின் அருமையை விளக்கத் தேவையில்லை. அன்று பூட்டு பயன்படாமற்போனதற்குக் காரணம் இரும்பின் தரமல்ல. எட்டிப் பார்க்க ஊரில் ஒருவரும் இருக்கவில்லை.

ஆகவே பயணத்துக்கு முன் செலவிடக் கொஞ்சக் காசும் ஒரு பின்னேரமும் இருந்தால் வரிசை இப்படி இருக்கலாம்: கதவின் ஆணிகளும் பிணைச்சலும், பிறகு நாதாங்கி, பிறகு தடித்த வளையமுள்ள பூட்டு, பிறகு விளக்கு, காசு மிஞ்சினால் கமரா. இவையெல்லாம் சேர்ந்து பத்து நிமிடம் வாங்கித் தந்தால் அது நல்ல பேரம். ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்குள் எட்டிப் பார்க்கிற அயலவர் இல்லாவிட்டால் அது திருடனின் பத்து நிமிடம். அவர் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. அடுத்த முறை அவர் கதிர்காமத்துக்குப் புறப்படும்போது அவர் வீட்டுத் திறப்பை நாம் வாங்கி வைத்து, விளக்கைப் போட்டு, முற்றத்தைக் கூட்டினால்தான் கிடைப்பார்.